ஒரு மேனேஜரும் எட்டு ராஜினாமாக்களும்

போட்டோவில் மூன்று பேர். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் ஏதோ பிரபஞ்ச ரகசியத்தைப் பார்க்கப்போகிற தோரணையில் வில்லியம் ஷாக்லி. பின்னால் நின்றபடி ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டேனும். 1948இல் பெல் ஆய்வகம் எடுத்த விளம்பரப் படம் இது. டிரான்சிஸ்டர் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் கண்ணில் படும். படத்தில் ஒரே ஒரு சின்னக் கோளாறுதான். அந்த மேஜை பிராட்டேனுடையது, மேஜை மேல் இருக்கிற கருவிகள் பிராட்டேன் பூட்டியவை, அந்தச் சோதனையில் ஷாக்லியின் விரல்கூடப் படவில்லை. தாலி கட்டியவனைப் பின்னால் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை நாற்காலியில் தாய்மாமன் உட்கார்ந்து போஸ் கொடுத்த மாதிரி. பிராட்டேனுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து ரேடியோவும் டெலிபோன் இணைப்பகமும் வால்வை நம்பி ஓடின. வால்வு சூடாகும், கரண்ட்டைக் குடிக்கும், சமயம் பார்த்து உயிரை விடும். நாடு முழுக்க டெலிபோன் ஓட்டுகிற கம்பெனிக்கு இது தீராத தலைவலி. எனவே நியூ ஜெர்ஸியில் மர்ரே ஹில் என்ற இடத்திலிருந்த பெல் ஆய்வகத்தில், யுத்தம் முடிந்த கையோடு குறைகடத்திகளை ஆராய ஒரு குழு போட்டார்கள். தலைவர் ஷாக்லி. அவரிடம் ஒரு யோசனை இருந்தது: குறைகடத்திக்கு வெளியிலிருந்து ஒரு மின்புலத்தைக் காட்டினால் உள்ளே ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காகிதத்தில் கணக்கு கச்சிதம். மேஜையில் செய்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பார்டீன் யோசித்துக் காரணம் சொன்னார்: பொருளின் மேற்பரப்பில் சிக்கிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்கள் கதவைச் சாத்திக்கொண்டு மின்புலத்தை உள்ளே விடமாட்டேன் என்கின்றன. சரி, அந்த மேற்பரப்பைக் கவனியுங்கள் என்று இருவரிடமும் விட்டுவிட்டு ஷாக்லி வேறு வேலை பார்க்கப் போனார்.

1947 டிசம்பர் 16 அன்று பிராட்டேன் செய்ததை ஒரு பள்ளிக்கூடத்துப் பையனும் செய்திருக்கலாம், எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தால். முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதன் இரண்டு விளிம்புகளிலும் தங்கத் தகடு ஒட்டினார். கூர்முனையில் தகட்டை ரேஸர் பிளேடால் மெல்லக் கீறினார். தங்கம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் மயிரிழை இடைவெளி. இதை ஒரு ஸ்பிரிங்கால் ஜெர்மானியம் என்ற குறைகடத்தியின் துண்டு ஒன்றின் மேல் அழுத்திப் பிடித்தார். ஒரு முனையில் போன சின்ன சிக்னல் மறு முனையில் பெரிதாகி வந்தது. முதல் டிரான்சிஸ்டர் இதுதான். கண்ணாடிக் குழாய் இல்லை, உள்ளே எரிகிற இழை இல்லை, சூடு ஏறக் காத்திருக்கவும் வேண்டாம். மனித குலம் அதன்பின் செய்த கம்ப்யூட்டர், செல்போன், ராக்கெட் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி அந்த பிளேடு கீறல்தான்.

பார்டீன் அன்று மாலை வீட்டுக்குப் போனார். அதிகம் பேசாத மனிதர். மனைவி ஜேன் சமையலறையில் காரட் தோல் சீவிக்கொண்டிருந்தார். இன்று முக்கியமான ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று தணிந்த குரலில் சொன்னார். நல்லது என்றார் ஜேன். காரட் வேலை தொடர்ந்தது.

ஷாக்லிக்கு இந்த அளவு நிதானம் வாய்க்கவில்லை. தன் குழு ஜெயித்துவிட்டது என்பதில் சந்தோஷம். தான் ஜெயிக்கவில்லை என்பதில் வயிற்றெரிச்சல். இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, மூல யோசனை என்னுடையது, ஆகவே காப்புரிமையை என் பேரிலேயே எழுதிவிடலாம் என்று ஜாடை காட்டினார். இதில் எல்லோருக்கும் போதுமான புகழ் இருக்கிறதே ஐயா என்று பிராட்டேன் கத்திவிட்டார். பிறகு கம்பெனி வக்கீல்கள் பழைய ஏடுகளைக் கிளறியபோது இன்னொரு பூதம் கிளம்பியது. லிலியன்ஃபெல்ட் என்பவர் அந்த மின்புல யோசனைக்கு 1920களிலேயே விண்ணப்பம் போட்டு, 1930இல் காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தார். ஷாக்லி யோசனையைச் சேர்த்தால் மொத்த விண்ணப்பமும் அடிபடும். வக்கீல்கள் அவர் பெயரைச் சுத்தமாக விட்டுவிட்டார்கள்.

ஊரே புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த இரவில் ஷாக்லி சிகாகோவில் ஒரு ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டார். ஜனவரி 23ஆம் தேதி விடை வந்தது. தங்கமும் வேண்டாம், கூர்முனையும் வேண்டாம். குறைகடத்தியையே மூன்று அடுக்காகச் செய்துவிட்டால் போதும் என்ற சந்தி டிரான்சிஸ்டர். இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். இது நிஜமாகவே அபாரமான யோசனை. பிளேடால் கீறிய முதல் டிரான்சிஸ்டர் மேஜையை யாராவது இடித்தால் மக்கர் பண்ணும். தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்ய முடிந்தது ஷாக்லியின் வகையைத்தான். பொறாமையால் இவ்வளவு உருப்படியான வேலை வேறு எங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

இதை அவர் பார்டீனிடமும் பிராட்டேனிடமும் சொல்லவே இல்லை. பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில் ஜான் ஷைவ் என்ற சக ஆராய்ச்சியாளர் எழுந்து, மின்னோட்டம் ஜெர்மானியத்தின் மேற்பரப்பில் மட்டுமல்ல, உள்ளே புகுந்தும் போகிறது என்று தன் சோதனையைக் காட்டினார். ஷாக்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் பார்டீன் மீதியைத் தானே யூகித்துவிடுவார். துள்ளி எழுந்து, ஒரு மாதமாக மடியில் கட்டி வைத்திருந்ததை அங்கேயே அவிழ்த்துக் கொட்டினார். பார்டீனும் பிராட்டேனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

1948 ஜூன் 30 அன்று நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் மறுநாள் இந்த யுகப் புரட்சியை 46ஆம் பக்கத்தில் போட்டது. ரேடியோ நிகழ்ச்சித் துணுக்குகள் வருகிற பகுதியில், கடைசியில், நாலே பத்தி.

அதற்குப் பிறகு சந்தி டிரான்சிஸ்டர் வேலையில் பார்டீனையும் பிராட்டேனையும் ஷாக்லி அண்டவிடவில்லை. பிராட்டேன் வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டார். பார்டீன் 1951இல் பெட்டியைக் கட்டிக்கொண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். போனது அவருக்கு நல்லதாயிற்று. 1956இல் மூவருக்கும் நோபல் வந்தபோது, பார்டீன் தன் மூன்று பிள்ளைகளில் ஒருவரைத்தான் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போயிருந்தார். மற்றவர்களின் படிப்பு கெடக்கூடாதாம். ஸ்வீடன் ராஜா, ஏன் குடும்பத்தோடு வரவில்லை என்று செல்லமாகக் கடிந்துகொள்ள, அடுத்த தடவை எல்லோரையும் கூட்டி வருகிறேன் என்றார் இவர். 1972இல் மீகடத்திகளுக்காக இரண்டாவது இயற்பியல் நோபல் வாங்கி, சொன்னபடியே எல்லோரையும் கூட்டிப் போனார். இயற்பியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே ஆள் அவர்தான். அந்த போட்டோவில் பின்னால் நின்றவர்.

நம் கதாநாயகர் என்ன ஆனார்? பெல் ஆய்வகத்தில் அவர் ஆசைப்பட்ட பதவி உயர்வு வீட்டு வாசல் பக்கமே வரவில்லை. இந்த ஆளின் கீழ் நாலு பேரை விட்டால் நாலு பேரும் மாற்றல் கேட்கிறார்கள் என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது. என் மூளைக்கு இந்தச் சம்பளமா, நானே முதலாளி ஆகிறேன் என்று கிளம்பினார். ஆர்னால்ட் பெக்மன் என்ற கலிஃபோர்னியத் தொழிலதிபர் பணம் போட ஒப்புக்கொண்டார். பெக்மனின் கம்பெனி இருந்தது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். ஆய்வகமும் அங்கேயே இருக்கட்டும் என்பது அவர் ஆசை. ஷாக்லியோ பாலோ ஆல்டோ பக்கம்தான் என்று அடம் பிடித்தார். அவருடைய அம்மா மே ஷாக்லி அங்கே இருந்தார். வயதானவர், மகனுக்கு அருகில் இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் டெர்மனும், வாருங்கள் வாருங்கள் என்று கம்பளம் விரித்தார். 1956இல் பக்கத்து ஊரான மவுன்டன் வியூவில், சான் அன்டோனியோ சாலை 391ஆம் எண்ணில், ஒரு பழைய கொட்டகையில் ஷாக்லி செமிகண்டக்டர் ஆய்வகம் திறக்கப்பட்டது. சுற்றிலும் ஆப்ரிகாட் தோட்டங்கள். பின்னாளில் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று பேர் வாங்கிய இடத்துக்குள் சிலிக்கான் என்ற பொருள் வந்தது இப்படித்தான்.

முதலில் பெல் ஆய்வகத்துப் பழைய சகாக்களைக் கூப்பிட்டார். ஒருவர்கூட வரவில்லை. அனுபவஸ்தர்கள்! எனவே தன்னை நேரில் அறியாத இளைஞர்களைப் போனில் பிடித்தார். ஷாக்லியிடமிருந்து போன் என்றால் அந்தத் துறையில் அது ஆகாசவாணி. ராபர்ட் நாய்ஸ் என்ற 28 வயதுக்காரர் காலையில் வந்து இறங்கினார், மதியத்துக்குள் அங்கே ஒரு வீட்டை விலை பேசி முடித்தார், பிறகுதான் இன்டர்வியூவுக்கே போனார். வேலை கிடைக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. இதே நாய்ஸ் கல்லூரியில் படித்தபோது ஹாஸ்டல் விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றிக்குட்டி திருடி, ஒரு செமஸ்டர் வெளியே அனுப்பப்பட்டவர். அயோவா மாகாணத்தில் பன்றி என்பது விளையாட்டுச் சமாசாரமில்லை.

வந்தவர்களை எல்லாம் ஷாக்லி மனோதத்துவப் பரீட்சைக்கு அனுப்பினார். புதிர்கள், மைக்கறைப் படங்கள், அது போதாதென்று தானே ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு கேள்விகள். பரீட்சை முடிவில் நாய்ஸும் கார்டன் மூரும் மேனேஜர் ஆக லாயக்கில்லாதவர்கள் என்று வந்தது. பின்னாளில் இன்டெல் கம்பெனியை ஆரம்பித்த அதே நாய்ஸ், அதே மூர். இந்தப் பரீட்சைப் பித்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஷாக்லி பாலோ ஆல்டோவில் சிறுவனாக இருந்தபோது, லூயிஸ் டெர்மன் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மேதைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். குட்டி ஷாக்லிக்கு மார்க் போதவில்லை, பட்டியலில் சேர்க்கவில்லை. லூயி ஆல்வாரெஸ் என்ற இன்னொரு பையனும் அதேபோல ஃபெயில். ஃபெயிலான இருவரும் பிற்பாடு நோபல் வாங்கினார்கள். பாஸான ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவரும் வாங்கவில்லை. பிற்பாடு ஷாக்லிக்குக் கம்பளம் விரித்த ஃபிரெடரிக் டெர்மன், அந்தப் பரீட்சைக்காரரின் மகன்.

ஆய்வகம் நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். எல்லோருடைய சம்பளத்தையும் பட்டியலாக எழுதி ஒட்டினார், ஒளிவு மறைவு கூடாது என்று. பத்து நாளில் யார் முகத்தை யார் பார்ப்பது என்று ஆகிவிட்டது. ஒரு இளைஞர் இரவு பகலாக உழைத்து ஒரு முடிவைக் கொண்டுவந்து வைத்தால், ஷாக்லி அவர் எதிரிலேயே பெல் ஆய்வகத்துக்குப் போன் போட்டு, இது சரியா என்று பழைய நண்பர்களைக் கேட்பார். எந்தப் பழைய நண்பர்கள்? கூப்பிட்டும் வராதவர்கள்.

1956 நவம்பர் முதல் தேதி நோபல் செய்தி வந்தபோது டைனாஸ் ஷேக் என்ற உணவகத்துக்கு அத்தனை பேரையும் கூட்டிப் போய் ஷாம்பெயின் வாங்கிக் கொடுத்தார். அதற்கும் ஒரு போட்டோ இருக்கிறது. எல்லோரும் கோப்பையை உயர்த்தி, வாயெல்லாம் பல்லாக நிற்கிறார்கள். அதில் பல பேர் பத்தே மாதத்தில் ராஜினாமாக் கடிதம் நீட்டினார்கள்.

நடுவில் ஒரு ஊசி விவகாரம். ஆய்வகக் கதவில் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒரு பெண் ஊழியரின் கையைக் கிழித்துவிட்டது. வேறு ஆபீஸாக இருந்தால் டிஞ்சர் போட்டுக் கட்டி, டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஷாக்லி இது சதி என்று முடிவு கட்டினார். யாரோ வேண்டுமென்றே வைத்த ஆயுதம். ஊழியர்கள் எல்லோரும் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வேண்டும் என்றார். உலகத் தரமான விஞ்ஞானிகள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஷெல்டன் ராபர்ட்ஸ் மட்டும் செய்ய வேண்டியதைச் செய்தார். அந்த ஆயுதத்தைக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பிளாஸ்டிக் தலை உடைந்துபோன, நோட்டீஸ் ஒட்டுகிற சாதாரண ஊசி. உலோகவியல் படித்ததற்கு இப்படியும் ஒரு பயன்.

இதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். வேலையே கெட்டதுதான் பெரிய வலி. சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று சொல்லித்தான் அவர்களை அழைத்து வந்தார். ஜெர்மானியம் சூடானால் கோளாறு செய்யும், சிலிக்கான் தாங்கும். எதிர்காலம் அதில்தான் என்று முதலில் அடித்துச் சொன்னவர்களில் ஷாக்லியும் ஒருவர். ஆனால் வந்து சேர்ந்த பிறகு, நாலடுக்கு டயோடு என்ற தன் சொந்தக் குழந்தையின் மேல் மோகம் வந்துவிட்டது. செய்யக் கஷ்டம், வாங்க ஆளில்லை. டிரான்சிஸ்டரை ஓரங்கட்டிவிட்டு அதைச் செய்யுங்கள் என்றார். 1957 மே மாதம் பெக்மன் நேரில் வந்து, செலவைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். ஷாக்லி எல்லோர் முன்னிலையிலும் வெடித்தார்: பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், நான் இந்தக் குழுவைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவேன்!

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இவரோடு வேறு இடத்துக்கா?

மூர்தான் பெக்மனுக்குப் போன் போட்டார். ஷாக்லி சொன்ன மிரட்டலை நம்பாதீர்கள், அவர் பின்னால் வர இங்கே ஆளில்லை என்றார். பெக்மன் சாப்பிட அழைத்துக் கேட்டுக்கொண்டார், தலையை ஆட்டினார், கடைசியில் ஷாக்லி பக்கமே சாய்ந்தார். நோபல் வாங்கிய மனிதரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? ஊர் சிரிக்காதா? அப்போதுதான் யூஜின் கிளைனர், தன் அப்பாவுக்குத் தெரிந்த நியூயார்க் நிதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் குழுவை மொத்தமாக வேலைக்கு எடுக்கிற கம்பெனி ஏதாவது உண்டா என்பது சாராம்சம். அங்கிருந்து வந்த ஆர்தர் ராக் என்ற இளைஞர், ஏன் வேலை தேடுகிறீர்கள், நீங்களே ஒரு கம்பெனி ஆரம்பியுங்கள் என்றார். அப்படி ஒன்று செய்யலாம் என்றே அவர்களுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

கிளம்பத் தீர்மானித்த எட்டுப் பேர் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளிஃப்ட் ஹோட்டலில் கூடினார்கள். ஒப்பந்தப் பத்திரம் யாரும் கொண்டுவரவில்லை. ராக்குடன் வந்த பட் காயில் பையிலிருந்து பத்துப் புது ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். எட்டுப் பேரும் ராக்கும் காயிலும் ஒவ்வொரு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு. அதுதான் பத்திரம், அதுதான் சாட்சி. பிறகு ராக் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளிடம் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் கைவிரித்தார்கள். கடைசியில் கேமராவும் விமானக் கருவிகளும் செய்துகொண்டிருந்த ஷெர்மன் ஃபேர்சைல்ட் பணம் போட்டார்.

1957 செப்டம்பர் 18 அன்று எட்டுப் பேரும் ராஜினாமா செய்தார்கள். பிளாங்க், கிரினிச், ஹோர்னி, கிளைனர், லாஸ்ட், மூர், நாய்ஸ், ராபர்ட்ஸ். துரோகிகள் எட்டு என்ற பட்டம் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஷாக்லியின் நாட்குறிப்பில் அன்றைக்கு ஒரே வரி: குழு ராஜினாமா.

எட்டுப் பேரின் புதுக் கம்பெனியான ஃபேர்சைல்ட் செமிகண்டக்டருக்கு முதல் ஆர்டர் ஐபிஎம்மிடமிருந்து. 100 டிரான்சிஸ்டர், ஒன்று 150 டாலர். ராணுவ விமானத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிற சரக்கு. செய்தும் முடித்தாகிவிட்டது, அனுப்பத்தான் பெட்டி இல்லை. ஜே லாஸ்ட் கடைத்தெருவுக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ வந்திறங்கிய காலி அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பதினைந்தாயிரம் டாலர் சரக்கு அதில் ஏறிப்போனது. 1959இல் ஹோர்னி, சிலிக்கானின் மேல் ஆக்ஸைடு படலத்தை விட்டுவைத்தே தட்டையாக டிரான்சிஸ்டர் செய்கிற முறையைக் கொண்டுவந்தார். அந்தத் தட்டையான பரப்பின் மேல் நாய்ஸ் பல பாகங்களை ஒன்றாக இணைத்தார், சிப் பிறந்தது. 1968இல் நாய்ஸும் மூரும் இன்டெல். 1972இல் கிளைனர் பெயரில் ஒரு முதலீட்டு நிறுவனம். எழுந்துபோய் சொந்தக் கடை போடுவது என்பது அந்த ஊரில் ஒரு குலாசாரமாகவே ஆகிவிட்டது.

ஷாக்லியின் ஆய்வகம் கடைசிவரை லாபம் பார்க்கவில்லை. 1960இல் பெக்மன் விற்றுத் தலைமுழுகினார். ஷாக்லி ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அதன்பின் அவர் செய்ததில் சிரிக்க அதிகம் இல்லை. கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அறிவுப் பரீட்சையில் நூற்றுக்குக் கீழே வாங்குகிறவர்கள் கருத்தடை செய்துகொண்டால் குறைகிற புள்ளிக்கு இவ்வளவு டாலர் என்று திட்டம் போட்டுக் காட்டினார். மரபியலில் அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. தன் சொந்தப் பிள்ளைகளே தன் தரத்துக்கு எட்டவில்லை என்றும், அதற்குக் காரணம் முதல் மனைவியின் படிப்பு என்றும் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். 1982இல் செனட் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளராக முயன்று எட்டாவதாக வந்தார். ஒரு நாளிதழ் தன்னை நாஜிகளோடு ஒப்பிட்டுவிட்டது என்று பத்து லட்சம் டாலருக்கும் மேலாக நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1984இல் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நஷ்டஈடாக ஒரு டாலர் கொடுத்தது. 1989இல் இறந்தார். பிள்ளைகளுக்குச் செய்தியைச் சொன்னது பத்திரிகைகள்தான்.

சிலிக்கான் பள்ளத்தாக்கின் தந்தை யார் என்று அவ்வப்போது ஒரு சண்டை நடக்கும். சிலர் நாய்ஸ் என்பார்கள், சிலர் டெர்மன் என்பார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு ஷாக்லி என்பார்கள். என் ஓட்டு மே ஷாக்லிக்கு. இளம் வயதில் நெவாடாவில் சுரங்க நிலங்களை அளந்து பிழைத்த பெண்மணி அவர். 97 வயது வரை இருந்தார். அந்த மகனையும் அதன்மூலம் அந்த எட்டுப் பேரையும் அங்கே வரவழைத்தது எந்தத் தொழிற்கொள்கையும் இல்லை. பாலோ ஆல்டோவில் இருந்த அம்மாவின் வீடுதான்.